புரட்டாசியில் வரவேண்டிய கைதி

வருங்காலத்தில் சிறையில் எத்தனை பேர் அடைபட்டிருப்பார்கள், பரோலில் எத்தனை பேர் வெளியே வருவார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது ஒரு நல்லரசின் தலையாய கடமை. அந்தக் கடமையை விருதுநகர் மாவட்டத்தில் ஆற்றுவதற்கென்றே நியமிக்கப்பட்ட மதிப்பீட்டு அலுவலர் சண்முகவேல், ஆனி மாதக் காலையொன்றில் நாரணாபுரத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் வந்து இறங்கினார். போர்மேன் முனியராஜைத்தான் தேடி வந்திருந்தார்.

"வர்ற புரட்டாசியில நீங்க ஜெயிலுக்கு வர்றீங்க. உடம்புக்கு ஏதும் சீக்கு இருக்கா?"

முனியராஜ் பதறிப்போனான். "நான் ஒரு தப்பும் செய்யலையே சார்!"

"இன்னும் செய்யலை. அதனாலதான் இதுக்குப் பேரு கணிப்பு."

அலுவலர் மடிக்கணினியைத் திறந்து பொறுமையாக விளக்கினார். இந்தப் பக்கம் ஆலை வெடித்தால் போர்மேன் கைதாவார். முதலாளியைப் போலீசார் வலைவீசித் தேடுவார்கள். வலையில் முதலாளி அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். இங்கே நாலு பேர் இருக்க வேண்டிய வெடிமருந்து அறையில் இப்போதே பத்துப் பேர். தீபாவளி நெருங்க நெருங்க இன்னும் கூடும். ஆகவே புரட்டாசி.

"அப்போ நாலு பேரை மட்டும் வைக்கச் சொல்லி எங்க முதலாளிகிட்டச் சொல்லுங்க சார்."

"அது பாதுகாப்பு. வேற துறை. நான் மூக்கை நுழைச்சா விதிமீறல்."

முதலாளி நல்லசிவம் எட்டிப் பார்த்தார். "சார், நம்ம பேரு ஏதும் வருதா?"

"உங்களுக்கு முன்ஜாமீன்னு வருது அண்ணாச்சி."

"சரியா கணிச்சிருக்கீக! ஏலே முனியா, சாருக்குக் குடிக்க ஒரு கலர் சொல்லு."

முனியராஜும் மனுஷன்தானே. தப்ப வழியில்லை என்று ஆனதும் பேரத்தில் இறங்கினான்.

"அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கதா நேந்திருக்கேன் சார். பரோல் கிடைக்குமா?"

"அந்த மாசம் பரோலுக்கு ஏகப்பட்ட நெரிசல். எல்லாரும் சட்டிதான் கேக்குறாங்க. பரவாயில்லை, உங்களை முதல் ஆளாப் போட்டுட்டேன்."

முனியராஜ் கையெடுத்துக் கும்பிட்டான். இம்புட்டுத் தங்கமான அதிகாரியா என்று கண் கலங்கிவிட்டது.

அப்போது மருந்து அறையிலிருந்து அவன் மனைவி ரோஜா வெளியே வந்தாள். முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர். அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அவுக ஜெயில்ல இருப்பாக, சரி. ரூமுக்குள்ள வேலை பாக்குற நாங்க அன்னைக்கு எங்கன சார் இருப்போம்?"

சண்முகவேல் கணினியில் மேலும் கீழும் தேடினார்.

"அந்த எண்ணிக்கை எங்க துறையில வராதும்மா," என்றார். சொல்வதற்கு அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ரோஜா நேரே போய் வேப்பமர நிழலில் உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

அலுவலருக்கு வியர்த்துவிட்டது. "இப்படி உக்காந்தா என் கணிப்பு என்ன ஆகுறது?"

"என் ஆர்டர் என்ன ஆகுறது?" என்றார் நல்லசிவம்.

இருவரும் போர்மேனைப் பார்த்தார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தால் ஆலை வெடிக்காது, தானும் உள்ளே போக வேண்டாம், அவளும் உயிரோடு இருப்பாள் என்பது முனியராஜுக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்து என்ன செய்ய? போர்மேன் ஆயிற்றே. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஏளா ரோஜா, எந்திரி. எல்லாரும் உள்ள போங்க. தீபாவளிக்கு ஊரு உலகமே நம்ம லோடுக்குத்தான் காத்துக் கெடக்கு."