பட்டுவின் இரவு விரதம்

ஜினகுமாரின் முழங்கையில் படர்தாமரை வட்டமாக வந்திருந்தது. அவருடைய நாய் பட்டுவின் மூக்கிலும் அதே வட்டம்.

"நாய்கிட்டேர்ந்துதாம்பா வந்திருக்குது. யாருக்காவது குடுத்துடுப்பா," என்றாள் மகள் ஸ்ருதி, பெங்களூரிலிருந்து போனில்.

அதெப்படிக் கொடுப்பது? மனைவி குணமாலா போனபிறகு செவிலிமேட்டு வீட்டில் அவர் பேசுவதைக் கேட்க இருப்பது அது ஒன்றுதான். அதிலும் ஆசாரமான நாய். ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிடும்போதே தயிர்சாதம் தின்றுவிடும். இருட்டியபின் அவர் வீட்டில் ஒரு பருக்கை தொடாது. அப்படியும் எப்படிக் குண்டாகிறது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவினார். இரண்டு நாள் அரிப்பு அடங்கியது. மூன்றாம் நாள் வட்டம் தோசையாக விரிந்தது.

"மண்ணுலதான் இந்தப் பூஞ்சை இருக்குமாம்பா, நெட்ல படிச்சேன்," என்றாள் ஸ்ருதி.

மல்லிகைச் செடியடியில் பட்டு ராத்திரியில் தோண்டிப் படுக்கும் குழியைக் கடப்பைக்கல் போட்டு மூடினார். பின்வீட்டு தேவகி, இந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு, மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த மதில் எழும்பிய ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை.

குழி போன கோபத்தில் பட்டு இரண்டு நாள் வரவில்லை. தயிர்சாதம் புளித்தது. ஜினகுமார் கல்லைத் தானே பெயர்த்துப் போட்டார்.

மூன்றாம் நாள் பட்டு வந்தது. இப்போது காதிலும் ஒரு வட்டம். அள்ளிக்கொண்டு ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் ஓடினார்.

"மண்ணுலேர்ந்து நாய்க்கு, நாய்லேர்ந்து உங்களுக்கு. நீங்களும் தோல் டாக்டரப் பாருங்க. நாலு வாரம் நாயக் கொஞ்சக் கூடாது," என்றார் மருத்துவர்.

"முடியாதுங்க."

"ஏன்?"

"வீட்ல வேற ஆளில்லீங்க."

மருத்துவர் மருந்துச் சீட்டை நீட்டினார். வெளியே சீட்டுப் பதியும் கலையரசி ஊரையும் நாயின் பெயரையும் கேட்டாள்.

"செவிலிமேடு. பேரு பட்டு. சுத்த சைவம்மா. ராத்திரியில ஒண்ணும் தொடாது."

கலையரசி நாயைப் பார்த்தாள். அவர் முழங்கையைப் பார்த்தாள். பேனாவை வைத்துவிட்டாள்.

"ஐயா, நேத்து டாக்டர் கெளம்பினப்புறம் உங்க செவிலிமேட்டு தேவகியம்மா இதே நாய ராணின்னு கூட்டிக்கினு வந்தாங்க. கையில இதே வட்டம். தெனம் ராத்திரி எட்டு மணிக்கு முட்டையும் சோறும் தின்னுட்டு எங்கூடத்தான் தூங்கும், வீட்ல வேற ஆளில்லன்னாங்க."