அசுரனின் மீசை

"ஏனுங்க கௌதமா, தப்பா நெனச்சுக்காதீங்க. அம்மன் காலுக்கடியில கெடக்கற அசுரன் நம்ம சென்னிமலையண்ணனாட்டவே இருக்கறானுங்க."

பூசாரி கருப்பண்ணன் இப்படிச் சொன்னதும் சாரத்தின் மேலிருந்த கௌதமனின் கையிலிருந்து பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது.

அவன் குனிந்து பார்த்தான். எட்டுக் கையும் நீட்டிய நாக்குமாக நின்ற பத்ரகாளியின் காலடியில் மகிஷாசுரன் மல்லாந்து கிடந்தான். கொம்பு என்னவோ எருமைக் கொம்புதான். அதற்குக் கீழே குண்டுக் கன்னம், முறுக்கு மீசை, புருவத்துக்கு மேலே மச்சம். சந்தேகமே இல்லை, சென்னிமலைதான்.

சென்னிமலை திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். இந்தச் சுதைச் சிலைக்கு உபயதாரரே அவர்தான். சிலைவேலை தொடங்கியதிலிருந்து சாரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். கண் பார்த்ததைக் கை செய்துவிட்டது.

"அவரு பாக்கறதுக்குள்ள மாத்தீரலாமுங்க" என்றான் கௌதமன்.

"பாத்துட்டாருங்களே. நேத்து நாந்தான் போட்டோ புடிச்சு வாட்ஸப்புல அனுப்பிச்சேன்."

"அய்யோ! என்ன சொன்னாருங்க?"

"அவரு ஒண்ணுஞ் சொல்லலீங்க. அவரு சம்சாரம் கந்தம்மாக்காதான் போன் பண்ணுனாங்க. பொழுதெறங்க ரெண்டு வேன் நெறைய ஆளுகளோட வாராராமா."

கௌதமன் தனியாக எடுத்துச் செய்யும் முதல் சிலை இது. காசு கொடுத்தவரையே அசுரனாக்கியவன் என்று பெயர் வந்துவிட்டால், இந்தப் பக்கத்தில் எந்தக் கோயிலிலும் அவனைச் சாரத்தில் ஏற விடமாட்டார்கள்.

முதலில் மச்சத்தைச் சுரண்டினான். பிறகு உளியை எடுத்து மீசையைத் தட்டி எடுத்தான்.

கருப்பண்ணன் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "இப்ப அண்ணனாட்ட இல்லீங்க."

"அப்பாடா!"

"அவரு தம்பியாட்ட இருக்குதுங்க. கட்சிக்காரரு வேறங்க."

கௌதமன் பதறிப்போய்ச் சிமென்ட் குழைத்து, நெஞ்சு வரைக்கும் தாடி ஒன்றை ஒட்டினான். கன்னத்தையும் செதுக்கி ஒடுக்கினான். கறுப்புப் பெயின்டும் அடித்தாயிற்று.

"எப்பிடீங்க இருக்குது?"

கருப்பண்ணன் தன் தாடியை மெல்ல நீவிக்கொண்டார். "என்னத்தச் சொல்றது? தெனமும் ஆத்தாளுக்குப் பூசை பண்ற என்னையப் புடிச்சு அவ காலுக்கடியில போட்டுட்டீங்களே சாமி!"

புராணத்திலேயே அந்த அசுரன் ஓர் உருவத்தில் நின்றவன் இல்லை. எருமையாக, சிங்கமாக, யானையாக மாறி மாறி அம்மனுக்கே போக்குக் காட்டியவன். கௌதமனை மட்டும் சும்மா விடுவானா?

புராணத்தை நினைத்ததும்தான் அவனுக்கு வழி பிறந்தது. மனித முகம் இருந்தால்தானே வம்பு? முகத்தையே பெயர்த்து எறிந்தான். தெருமுனையில் கட்டியிருந்த எருமையைப் பார்த்துப் பார்த்து, அகன்ற மூக்கும் தொங்கு காதுமாக முழு எருமைத் தலையையே வைத்து முடித்தான். சிமென்ட் காய்கிற வரைக்கும் பொறுக்காமல் பெயின்டையும் பூசிவிட்டான்.

"இது யாராட்ட இருக்குதுங்க?"

"அசல் எருமைங்க!" என்றார் கருப்பண்ணன், தாடி தப்பித்த சந்தோஷத்தில்.

கௌதமன் சாரத்திலிருந்து இறங்குவதற்கும் வேன்கள் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. கிழவர்கள், பெண்கள், கைக்குழந்தைகள் என்று ஒரு கல்யாணக் கூட்டமே இறங்கியது. இரண்டு பேர் ஆளுயர மாலை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். அது யாருக்கு என்று நினைக்கவே கௌதமனுக்குப் பயமாக இருந்தது.

சென்னிமலை ஈரவேட்டியோடு முன்னால் வந்தார். அண்ணாந்து அம்மனைக் கும்பிட்டார். பார்வை மெல்ல அம்மனின் காலடிக்கு இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது. முறுக்கு மீசை துடித்தது.

கௌதமன் ஓடிப்போய்க் கும்பிட்டான். "அண்ணா, அது தெரியாம நடந்துபோச்சுங்க. இப்ப உங்க சாடை துளிகூட இல்லாம சுத்தமா எடுத்துட்டனுங்க!"

சென்னிமலை துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாலையைத் தூக்கி வந்தவர்கள் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்கள்.

கந்தம்மாள்தான் முன்னால் வந்தாள். "ஏனுங்க தம்பி, மலையெறக்கத்துல ரிக் வண்டி பிரேக் புடிக்காமப் போனப்ப, 'காப்பாத்து ஆத்தா, காலமெல்லாம் உங்காலடியிலயே கெடக்கறேன்'னு வேண்டிக்கிட்ட மனுசனுங்க இவரு, போட்டோவுல தன்னோட மூஞ்சியப் பாத்துட்டு, ஆத்தாளே எடங் குடுத்துட்டான்னு அழுது, சொந்தபந்தத்துக்கெல்லாம் காட்டோணுமின்னு கூட்டியாந்திருக்கறாரு, நீங்க என்னடான்னா அவரு எடத்துல எருமையப் படுக்க வெச்சிருக்கறீங்களே!"