ஒரு நாளும் எழுதத் தவறாத முனியராஜ்

உலக இலக்கிய வரலாறு எழுதக் கிளம்புகிறவர்கள் முதலில் சிவகாசியில் இறங்கி, விஸ்வநத்தத்துக்கு மினி பஸ் ஏற வேண்டும். எங்கள் தெருவில்தான் ‘கந்தகக்கவி’ முனியராஜ் வசிக்கிறார். பன்னிரண்டு வருடங்களாகத் தினம் ஒரு கவிதை. காய்ச்சலிலும் எழுதினார். மாமனார் கருமாதிப் பந்தியிலும் எழுதினார், இலைக்குப் பாயசம் வந்துகொண்டிருக்கும்போதே. எழுத்துக்கு இடைஞ்சல் என்று அச்சாபீஸ் வேலையை உதறியவர். அதனால் குடும்பத்துக்கு ஒரு குறையும் இல்லை. மனைவி சின்னத்தாய் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறாள். அவர் வரி பின்னுகிறார். அவள் பின்னுவது மட்டும் விலைபோகிறது என்றால் அது நாட்டின் ரசனைக் குறைபாடு.

அடுத்த வீடு என்கிற முறையில் இதெல்லாம் எனக்குத் தெரியும். நடுவில் ஒற்றைச் சுவர்தான். நான் காதை வைப்பதில்லை. சுவர் மெல்லிசு.

முனியராஜ் எழுதுவதெல்லாம் ‘அன்றாடப் படைப்பாளர் பேரவை’ என்ற வாட்ஸப் குழுவில் வெளியாகும். தண்ணீர் கேன் போடும் கண்ணுச்சாமி அதன் ‘நிறுவனத் தலைவர்’. சட்டம் இரண்டே. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு படைப்பு கட்டாயம். ஒன்றுக்கு மேல் கூடாது. இவற்றை ஒரு நாளும் மீறாத முனியராஜுக்கு வருகிற ஞாயிறு ‘அறுபடா எழுத்துச் செம்மல்’ பட்டம் என்று முடிவாகியிருந்தது.

வியாழக்கிழமை மதியம் தெருவே குலுங்கியது. அடுப்படியில் தட்டுகள் உருண்டன. எங்கள் ஊரில் இப்படிச் சத்தம் கேட்டால் வெளியே வந்து முதலில் வானத்தைத்தான் பார்ப்போம், புகை எந்தப் பக்கம் என்று. எம். புதுப்பட்டிப் பக்கம். சின்னத்தாய் வேலை பார்ப்பது அங்கேதான். கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அவள் போன் வீட்டில்தான் கிடக்கும். அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

“முனியராசு! புகை புதுப்பட்டிப் பக்கம் தெரியுது. வண்டிய எடுங்க!”

கவிஞர் கண்ணை மூடியபடி ஒரு விரலை உயர்த்தினார். “இருங்க மதினி. வருது.”

“யாரு வாரா?”

“முதல் வரி.”

“ஏலே, ஒம் பொண்டாட்டி அங்கன கெடக்கா!”

“அதான் மதினி வருது.”

கடமை தவறாத அந்தக் கலைஞரைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் பாண்டிமுருகன் ஆட்டோவில் நானே போனேன். வெடித்தது மருந்து கலக்கும் அறை. எல்லோரும் சாப்பாட்டுக்கு வெளியே போயிருந்த நேரம் என்பதால் ஆளுக்குச் சேதமில்லை. சின்னத்தாயைக் கேட்டேன்.

“அந்தம்மாவா? வேலைய விட்டு ஒரு மாசம் ஆச்சே” என்றார் வாட்ச்மேன்.

திரும்பி வருவதற்குள் ஊர் போன்களெல்லாம் சிணுங்கிக்கொண்டிருந்தன.

‘போனாயோ பூந்தளிரே
புதுப்பட்டிப் புகையினிலே!’

கும்பிட்ட கைகளும் அழுகிற பொம்மைகளும் மழையாய்ப் பொழிந்தன. ‘என்னே சந்தம்!’ என்று ஒருவர் தேம்பியிருந்தார்.

“அவ அங்கன வேலையிலயே இல்லையாம்யா!” என்றேன்.

முனியராஜ் வெளிறிப்போனார். “போட்டுட்டேனே மதினி!”

சாயங்காலம் வேறொரு கம்பெனி வேனிலிருந்து தூக்குச்சட்டியோடு சின்னத்தாய் இறங்கினாள். வாசலில் கூட்டம். கண்ணுச்சாமி கையில் ரோஜா மாலை.

“அக்கா, யாரு போய்ட்டா?” என்றாள் என்னிடம்.

“நீதாம்மா.”

கவிதையை வாசித்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். “வெம்பக்கோட்டைப் பக்கம் மாறி ஒரு மாசமாச்சு. ஒங்ககிட்டச் சொன்னேன்ல? ‘உம்’முன்னீகளே!”

“அது ஒனக்குச் சொன்ன ‘உம்’ இல்ல, ஏளா. எதுகைக்கு.”

என்னிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்று அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

“சரி, அழிங்க” என்றாள்.

“அழிச்சா இன்னைக்கு எழுதாத நாளாயிரும். பட்டம் போயிரும்.”

“வேற எழுதுங்க.”

“ஒண்ணுக்கு மேல சட்டத்துல எடமில்ல.”

சின்னத்தாய் அவர் போனைப் பிடுங்கி, தானே தட்டினாள்: ‘நான் சாகலை. சின்னத்தாய்.’

வாசலில் நின்றிருந்த கண்ணுச்சாமி மாலையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அங்கேயே தன் போனை எடுத்து நடவடிக்கை எடுத்தார்: ‘உறுப்பினரின் இரண்டாவது படைப்பு விதிப்படி நீக்கப்பட்டது.’

“அண்ணே, நான் ஒங்க முன்னாலதான நிக்கேன்?”

“நிக்கீக தாயி. யாரு இல்லன்னா? குழுவுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்குல்ல?”

ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சின்னத்தாய், பக்கத்தில் நான். பொன்னாடை போர்த்திய பின் கண்ணுச்சாமி பட்டயத்தை வாசித்தார்:

“துணைவியார் மறைந்த அன்றும் எழுதுகோலைக் கீழே வைக்காத தவசீலர்...”

சின்னத்தாய் எழுந்தாள்.

“அண்ணே, இதையும் சேத்து வாசிங்க. பொண்டாட்டி உசுரோட இருக்காளா, கரிக்கட்டையாக் கெடக்காளான்னு பாக்க, வாசப்படிய விட்டுக்கூட எறங்காதவரு.”

கண்ணுச்சாமி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். தொண்டையைச் செருமி, மைக்கில் அதையும் கம்பீரமாக வாசித்தார்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.