தொண்டை கட்டிய கேப்டன்

இந்தக் கோடையில் கால்வாய்ப் பயணத்தில் ஒரு தடவைகூடக் கத்துவதில்லை என்று ஒரு மகத்தான தீர்மானம் நிறைவேறியது. தீர்மானம் என்னைப் பற்றியது. நிறைவேற்றியவள் என் மனைவி மைலிஸ்.

கத்துவது என்றால் வீட்டில் கத்துவது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் எனக்கு அந்த வசதி கிடையாது. படகில்தான். அதிலும் மதகில்தான். எங்கள் யோட்டா கால்வாய் கிழக்குக் கடலில் ஆரம்பித்து, ஏரி ஏரியாக மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்குகிறது. படகுக்கு மேடு ஏறத் தெரியாது. அதனால் வழி நெடுக மதகுகள். படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். படகு லிஃப்டில் போகிற மாதிரி மேலே போகும். அந்த நேரத்தில் தண்ணீர் போடுகிற ஆட்டத்தில் படகு சுவரில் மோதாமல் இருக்க, ஒருவர் முன்கூட்டியே கரையில் குதித்து, இரண்டு கயிறுகளை வளையங்களில் மாட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சுக்கானைப் பிடிக்க வேண்டும்.

சுக்கான் கணவனுக்கு. கயிறு மனைவிக்கு. சுக்கான் பிடிப்பவர் கயிறு பிடிப்பவரைப் பார்த்துக் கத்துவார். யாரும் சட்டம் போடவில்லை, ஸ்வீடன் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. இந்தக் கால்வாய்க்கு விவாகரத்து வாய்க்கால் என்று ஒரு செல்லப்பெயரே இருக்கிறது.

போன வருஷம் பெரி என்ற ஊரில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அங்கே மாடிப்படி மாதிரி ஏழு மதகுகள். இரண்டு பக்கமும் புல்தரை. ஊர் ஜனங்கள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, அடுத்தவர் குடும்பம் ஏறுவதை வேடிக்கை பார்ப்பார்கள். "அந்தக் கயிறு இல்ல மைலிஸ், இந்தக் கயிறு" என்று நான் கத்தியது ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டதாம். ஒரு குழந்தை ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டது. மற்றவர்கள் கைதட்டினார்கள்.

குளிர்காலம் முழுவதும் மைலிஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். மே மாதம் படகுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தபோது கையில் காபியோடு வந்தாள்.

"எவால்ட் படகைக் கேக்கிறான்."

எவால்ட் அவளுடைய தங்கை குன்வோரின் கணவன். எங்கள் படகு 'நிம்மதி'யின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"அவனுக்கு எதுக்குப் படகு?"

"ஓட்டத்தான். அதுல ஊறுகாயா போடப்போறான்?"

"'நிம்மதி' விக்கிறதுக்கு இல்ல."

"பாதிப் படகு என் பேர்ல இருக்கு, ஹோல்கர்."

"எந்தப் பாதி?"

"நீ இப்ப நிக்கிற பாதி."

நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

"இந்த வருஷமும் போவோம்" என்றாள். "கிழக்குக் கடல்ல இருந்து ஷோத்தோர்ப் வரைக்கும். அங்கதான் கடைசி மதகு. அதுக்குள்ள என்னைப் பாத்து ஒரே ஒரு தடவை கத்தினாலும் படகு எவால்டுக்கு. கத்தலைன்னா, விக்கிற பேச்சை நான் எடுக்கவே மாட்டேன்."

"கத்துறதுன்னா எது? இஞ்சின் சத்தத்துல கொஞ்சம் உரக்கச் சொன்னா அது கத்துறதா?"

"இப்பக் கத்துறியே, இதுதான்."

எனக்கு இந்தப் படகு உயிர். வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னை யாராவது கேப்டன் என்று கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான். தங்க நங்கூரம் தைத்த தொப்பி ஒன்றுகூட வைத்திருக்கிறேன். வார்னிஷ் காய்கிற வரை யோசித்தேன். வாயை அடக்குவது நடக்காத காரியம், முப்பது வருஷப் பழக்கம். ஆகவே வாயே இல்லாமல் போவது என்று முடிவு செய்தேன்.

ஜூலையில் கிளம்பினோம். முதல் மதகுக்கு முன்னால் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் முன் போய் நின்றேன். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். உதட்டை அசைத்தேன். காற்று மட்டும் வந்தது.

"தொண்டை கட்டிக்கிச்சா?"

தலையாட்டினேன்.

"சத்தமே வரலையா?"

பரிதாபமாகத் தலையாட்டினேன்.

"ஐயோ பாவம்" என்றாள் மைலிஸ். நிஜமாகவே சொன்னாள். கன்னத்தைத் தடவிக்கூடக் கொடுத்தாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று எங்களோடு மதகில் ஏறியது ஸ்டூரேயின் படகு. அவனும் அவன் மனைவி ரூத்தும். இந்தக் கால்வாயில் ஒரு மதகில் ஒன்றாக ஏறிய படகுகள் அடுத்த மதகிலும் ஒன்றாகத்தான் ஏறும், ராத்திரியும் பக்கத்தில் பக்கத்தில்தான் கட்டிக்கிடக்கும். ஊரில் அக்கம்பக்கம் பிடிக்காவிட்டால் வீடு மாறலாம். இங்கே அது முடியாது. ஸ்டூரே நாள் பூராவும் ரூத்தைப் பார்த்துக் கத்தினான். நான் ஒரு புனிதரைப் போல நின்றேன்.

மறுநாள் காலை மைலிஸ் என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தாள். அன்பு என்று நினைத்தேன். ஸ்டூரே கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து, "ராத்திரி நல்லாத் தூங்கினியா, ஹோல்கர்?" என்று கேட்டான். ரூத் அவன் காலை மிதித்தாள். கத்திக் கத்தி அவனுக்கு அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு வைத்தியம் ஆரம்பித்தது. காபியை எடுக்கக் கை நீட்டினேன்.

"காபி தொண்டையை வறட்டும்" என்று அவள் நகர்த்தினாள்.

லவங்கப்பட்டை போட்ட பன்னை எடுத்தேன்.

"துகள் குத்தும்." அதையும் நகர்த்தினாள். என் முன்னால் ஓட்ஸ் கஞ்சி வந்தது. சர்க்கரை இல்லாமல். மத்தியானமும் அதுவே வந்தது. சோடர்ஷோப்பிங் என்ற ஊரில் கரையோரக் கடையில் ஐஸ்கிரீம் வாங்காமல் படகு நகர்வதில்லை என்பது எங்கள் வழக்கம். மைலிஸ் இரண்டு வாங்கினாள். எனக்குத்தான் ஒன்று என்று கை நீட்டினேன்.

"குளிர்ச்சி ஆகாது. உனக்காக நானே சாப்பிட்டுடறேன்" என்றாள்.

பெரிக்கு வந்தோம். அதே ஏழு மதகு. அதே புல்தரை. போன வருஷக் கூட்டமோ என்னவோ, என்னைக் கண்டதும் ஒரு பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மைலிஸ் கரைக்குக் குதித்தாள். பின் கயிற்றை மாட்டினாள், முன் கயிற்றை வாங்கினாள், இழுத்தாள். 'நிம்மதி' சுவரைத் தொடாமல் ஏறியது. ஏழு மதகும் அப்படியே. ஒரு கீறல் இல்லை. என் கத்தல் இல்லாமல் இவ்வளவு நன்றாக நடந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. மனசு சங்கடப்பட்டது. பெரியவர் ஏமாற்றத்தோடு நாற்காலியை மடக்கினார்.

மேலே வந்து சேர்ந்ததும் ரூத் ஆரம்பித்தாள். "ஸ்டூரே, இவனைப் பாரு. ஒரு மனுஷன் இப்படித்தான் இருக்கணும்."

"அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கு, ரூத்."

"உனக்கும் கட்டுனா நல்லாத்தான் இருக்கும்."

பிறகு கழிப்பறைக் கொட்டகைக்குப் பின்னால் ஸ்டூரே என்னைத் தனியாகப் பிடித்தான். "நீ பண்றது நல்லா இல்ல, ஹோல்கர். என் கழுத்து அளவுக்கு ரூத் ஒரு கம்பளித் துண்டு பின்ன ஆரம்பிச்சுட்டா."

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். பேச்சுக்குத்தான் வழியில்லையே.

பேச்சில்லாமல் போனதில் இன்னொரு சங்கடம் இருந்தது. எனக்காக மைலிஸ் பேச ஆரம்பித்தாள். வெட்டர்ன் ஏரிக் கரையில் வாட்ஸ்தேனா. அங்கேதான் குன்வோரும் எவால்டும் குடியிருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது இரண்டு பேரும் பெட்டியோடு துறையில் நின்றார்கள்.

"ஏரியைத் தாண்டுற வரைக்கும் இவங்களும் வரட்டுமே" என்றாள் மைலிஸ். "வேண்டாம்னா சொல்லு."

நான் கையை ஆட்டினேன். தலையை ஆட்டினேன். துண்டு ஆடியது.

"சந்தோஷத்துல எப்படி ஆடுறான் பாரு. ஏறுங்க."

எவால்ட் ஏறியதும் படகின் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். "இங்க கொஞ்சம் உளுத்த மாதிரி இல்ல?" என்றான். தன் உயரத்துக்குப் போதுமா என்று என் படுக்கையில் படுத்துப் பார்த்தான். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"திரையை மாத்தணும்" என்றாள் குன்வோர். "பச்சைதான் எடுப்பா இருக்கும்."

"பச்சையே போட்டுடு" என்றான் எவால்ட். "ஹோல்கருக்கு ஆட்சேபணை இருக்கிற மாதிரி தெரியல."

எனக்குக் கத்தல் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். மைலிஸ் ஆவலோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருமிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"கஞ்சி வேணுமா?" என்றாள்.

ஏரிக்கு அக்கரையில் கார்ல்ஸ்போரி. எவால்ட் தம்பதி அங்கே இறங்கிக்கொண்டார்கள். அதற்கு முன், துறையில் எல்லாப் படகுக்காரர்களும் சேர்ந்து சாசேஜ் வாட்டினார்கள். சாசேஜும் தொண்டைக்கு ஆகாதாம். நான் வாசனையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மைலிஸ் எழுந்து நின்றாள்.

"ஒரு சந்தோஷமான சமாச்சாரம். ஷோத்தோர்ப்ல இருந்து திரும்பி வரும்போது நான்தான் படகை ஓட்டப்போறேன். ஹோல்கர் கயிறு பிடிப்பான்."

ஸ்டூரேயின் குச்சியிலிருந்து சாசேஜ் நெருப்பில் விழுந்தது.

"அவன் ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டான்.

"நீயே கேளேன். ஹோல்கர், வேண்டாம்னா சொல்லு. ஒரு வார்த்தை போதும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை என்ன, ஒரு வண்டி வார்த்தை இருந்தது. சொன்னால் குட்டு உடைந்துவிடும். பேச ஆரம்பித்தால் அடுத்த மதகில் கத்திவிடுவேன், படகு போய்விடும். எவால்ட் பக்கத்திலேயே கடுகுச் சாந்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

பரவாயில்லை, கடைசி மதகு தாண்டட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பல்லுக்கும் அந்த வாரம் வேறு வேலை இல்லை.

ஷோத்தோர்ப் வந்தது. கடைசிக் கதவு திறந்தது. முன்னால் வேனெர்ன் ஏரி கண்ணுக்கு எட்டிய வரை கிடந்தது. 'நிம்மதி' வெளியே வந்தது. படகைத் துறையில் கட்டியதும் கழுத்துத் துண்டை அவிழ்த்து மடித்து வைத்தேன்.

"மைலிஸ்" என்றேன். கணீரென்று வந்தது குரல்.

"அட, பேச்சு வந்துடுச்சே. எப்ப?"

"இப்பத்தான். இந்த ஏரிக் காத்து பட்டதும் சரியாயிடுச்சு."

"நல்ல காத்து."

"ஒரு தடவைகூடக் கத்தல. படகு நம்மளோடது. அப்புறம் அந்தச் சுக்கான் விஷயம். அன்னிக்கு என்னால பேச முடியல. இப்பச் சொல்றேன். எனக்குச் சம்மதம் இல்ல."

மைலிஸ் கயிற்றை நிதானமாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ முதல் நாள் ராத்திரியே கத்திட்ட, ஹோல்கர்."

"நானா?"

"தூக்கத்துல. 'அந்தக் கயிறு இல்ல மைலிஸ், இந்தக் கயிறு'ன்னு. தொண்டை கட்டின மாதிரியே இல்ல."

"பொய்."

அவள் பக்கத்துப் படகைப் பார்த்தாள். "ரூத், ராத்திரி நடந்ததை இவனுக்குச் சொல்லு."

ரூத் தலையை வெளியே நீட்டினாள். "முதல் நாள் நடந்ததையா, தினமும் நடக்கிறதையா?"

"முதல் நாள்."

"நீ போட்ட சத்தத்துல ஸ்டூரே எழுந்து, பைஜாமாவோட கரைக்குக் குதிச்சு, கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நான் போய்க் கூட்டிட்டு வந்தேன்."

"எந்தக் கயிறுன்னுதான் எனக்குப் புரியல" என்றான் ஸ்டூரே, வானத்தைப் பார்த்தபடி.

"தூக்கத்துல கத்தினது கணக்குல வராது" என்றேன்.

"முழிச்சிருக்கிறப்ப மட்டும்னு பேசினோமா?"

பேசவில்லை. வார்னிஷ் டப்பா முன்னால் நடந்த பேச்சை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை.

"முதல் நாளே தெரிஞ்சிருந்தா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா படகு அன்னிக்கே போயிருக்கும். எனக்குப் படகு பிடிக்கும், ஹோல்கர். உன்கூட வர்றதும் பிடிக்கும். சத்தம்தான் பிடிக்கல."

எனக்குத் தொண்டை அடைத்தது. இந்தத் தடவை நிஜமாகவே.

"அப்போ அந்தக் கஞ்சி?"

"அது கத்தினதுக்கு." அவள் போனை எடுத்தாள். "எவால்டுக்கு என்ன சொல்லட்டும்? குன்வோர் பச்சைத் துணி எடுத்துட்டாளாம்."

நான் தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவளுக்கு அளவு சரியாக இருந்தது. எனக்குத்தான் எப்போதும் கொஞ்சம் இறுக்கம். அன்று மாலை எனக்குக் காபி கிடைத்தது. பன்னும் கிடைத்தது.

மறுநாள் காலை திரும்பினோம். ஷோத்தோர்ப் மதகில் இந்தத் தடவை ஏற்றம். கரைக்குக் குதித்தேன். ஒரு கயிற்றை வளையத்தில் மாட்டி, காலை அகற்றி வைத்து, இழுத்துப் பிடித்தேன். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. தங்க நங்கூரத்தின் கீழிருந்து மைலிஸ் என்னைப் பார்த்தாள். அவள் கத்துவாள், கத்தினால் எனக்கும் ஒரு நியாயம் கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு விரலை மட்டும் நீட்டிக் கயிற்றைக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். நான் மாட்டியிருந்தது அந்தக் கயிறு. இந்தக் கயிறு இல்லை.