அண்ணாச்சி கட்டிங் கொடுத்தால்தான் கல்யாணம்

“…அதனாலதான் சொல்லுதேன், உன் காதலுக்கு பிரிண்ட் போதும் தம்பி. கட்டிங் எதுக்கு? நல்ல வினைல் வீணாப் போயிரும்.”

ஸ்டிக்கர் அண்ணாச்சி இதை அருளின் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. ஓர் ஆட்டோவின் பின்கண்ணாடியில் ‘அம்மா’வை ஒட்டிக்கொண்டே சொன்னார். குமுளியில் கைரேகை பார்ப்பவர் உண்டு, கிளி வைத்திருப்பவரும் உண்டு. ஆனால் ஒருவன் சொன்ன சொல்லில் எத்தனை நாள் நிற்பான் என்பதை ஸ்டிக்கரிலேயே தீர்ப்பாக ஒட்டி அனுப்பியவர் இந்தப் பூமியில் அண்ணாச்சி ஒருவர்தான்.

அவர் பேர் யாருக்கும் தெரியாது. மலையாளிகள் அவரைச் சேட்டன் ஆக்கப் பார்த்துத் தோற்று, அவர்களும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி அவர் கடை. பக்கத்தில் டூரிஸ்டுகளுக்கு ஏலக்காயும் மிளகும் விற்கும் என் கடை. நடுவில் ஒரு தகரம்தான். அந்தத் தகரம் வழியாக வந்த பேச்சுக்கு நான் டிக்கெட் போட்டிருந்தால் இன்றைக்கு எஸ்டேட் வாங்கியிருப்பேன்.

கட்டிங் என்பது, நிறம் ஊறிய வினைல் தாளை எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டுவது. படம் கிடையாது, பூ கிடையாது, பின்னணி உங்கள் வண்டியின் பெயின்ட்தான். ஆனால் வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. பிரிண்ட் என்றால் ரோஜா, தீ, புகை, இதயம், எல்லாம் வரும். ஒரு மழைக்காலம் தாண்டினால் ஓரம் தூக்கும், சிவப்பு வெளுக்கும். எது வேண்டும் என்று மற்ற கடையில் நம்மைக் கேட்பார்கள். அண்ணாச்சி கடையில் அவரே முடிவு செய்வார்.

சாமி பேர், அம்மா பேர், ரத்த வகை: கட்டிங். “இதெல்லாம் மாறாதுல்லா!” ‘காரில் குழந்தை இருக்கிறது’ என்று ஒட்டச் சொன்னால் பிரிண்ட். “குழந்தை வளந்துரும்லா!” ஒரு கட்சிக்காரர் கொடி ஒட்ட வந்தார். “பிரிண்டே வச்சுக்கிடுங்க. உரிக்கச் சுகமா இருக்கும்.” அவர் கோபத்தில் கதவை அறைந்துவிட்டுப் போனார். அடுத்த தேர்தலுக்கு வேறு கொடியோடு வந்து, “ஒரே இழுப்புல வந்துட்டு அண்ணாச்சி” என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

ஓட்டல் திறந்த ஒருவர் ‘சுத்த சைவம்’ என்று கட்டிங் கேட்டார். “மழை பிடிச்சா இந்த ஊர்ல சைவம் நிக்காது. பிரிண்ட் போதும்” என்றார் அண்ணாச்சி. ஆடி மாதம் அந்தக் கடையிலிருந்து மாட்டிறைச்சி வறுவல் வாசனை வந்து என் ஏலக்காய் வாசனையையே அமுக்கிவிட்டது.

சரி, அவர் கடைப் பலகை? அதுவும் பிரிண்ட். பாதி வெளுத்திருக்கும். “ஏன் அண்ணாச்சி?” என்று கேட்டால், “நான் என்ன ரத்த வகையாடே?” என்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அருள் மாட்டினான். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிவரும் ஜீப் அவனுடையது. பையன் தங்கம்தான், மனசு மட்டும் மலைக்காற்று. உலகக் கோப்பையில் அர்ஜென்டினா முதல் ஆட்டம் தோற்றதும் ஜீப்பிலிருந்த அதன் ஸ்டிக்கரை உரித்துவிட்டு பிரேசில் ஒட்டினான். பிரேசில் வெளியேறியதும் அதை உரித்தான். அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கிய மறுநாள் காலை கடை திறக்குமுன் வந்து நின்றான்.

அவன் விரும்பிய ஸ்டெல்லா, வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கங்காணியின் மகள். அவன் கத்தோலிக்கன், அவள் வீடு புராட்டஸ்டன்ட். கங்காணி அதைப் பெரிசு பண்ணவில்லை. “கோயில் மாறுனா பரவால்ல, மனசு மாறக் கூடாது. அண்ணாச்சி அவன் ஜீப்புல எம் மக பேரைக் கட்டிங்ல ஒட்டட்டும். மழை விட்டதும் வந்து பாக்கேன். பாத்துட்டுத்தான் சம்பந்தம் பேசுவேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெண்ணைக் கொடுக்கும் அப்பா ஜாதகம் கேட்பார், சம்பளம் கேட்பார். ஸ்டிக்கர் கேட்டது எங்கள் ஊரில்தான்.

அருள் கெஞ்சினான். “அண்ணாச்சி, ஒரே ஒரு தடவ நம்புங்க.”

“நீ மெஸ்ஸிக்கே நிக்கலியேடே!”

பிரிண்ட்தான் கிடைத்தது. பானெட்டில் ‘ஸ்டெல்லா’, சுற்றி ரோஜா. ஜூனில் மழை பிடித்தது. குமுளி மழை பிரிண்டைப் பார்த்துப் பல்லைக் காட்டும். அருள் ஜீப்பை ஓட்டியதைவிட அந்த ஓரங்களை அமுக்கியதுதான் அதிகம். செல்லோடேப் போட்டான். பிறகு பிளாஸ்டிக் ஷீட் போர்த்திக் கயிறு கட்டினான். சீட்டுக்கு மூட ஷீட் இல்லை, ஸ்டெல்லாவுக்கு இருந்தது. நனைந்த சீட்டில் உட்கார்ந்த தோட்டத்துப் பெண்கள் விடுவார்களா?

“ஏ அருளு, ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சலா? போர்வை போத்தியிருக்க?”

“கஞ்சி வேணா வச்சுக் கொடுக்கட்டா?”

அவன் சிரித்துக்கொண்டே வெளுத்த எழுத்தின் மேல் பெயின்ட் பேனாவால் எழுதுவான். அழிந்தால் மறுபடியும் எழுதுவான். அண்ணாச்சி கடை வாசலில் நின்று பார்ப்பார். பிறகு உள்ளே போவார். நான் தகரத்தைத் தட்டி, “பாவம் அண்ணாச்சி அவன்” என்றேன். “உங்க மிளகைப் பாருங்க” என்று பதில் வந்தது.

மழை விட்ட முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையும் குடையுமாகக் கங்காணி பஸ்ஸிலிருந்து இறங்கினார். நேராக ஜீப்புக்கு வந்தார். அருள் ஷீட்டை அவிழ்த்தான். ரோஜாக்கள் போயிருந்தன. பெயர் மட்டும் இருந்தது, கோணலாக, பேனா எழுத்தில், மேலே அடுக்கடுக்காக டேப்போடு. கங்காணி கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் வைத்துத் தடவினார். ஸ்டாண்டில் ஹாரன்கூட அடிக்கவில்லை.

“பிரிண்ட்” என்றார். “அண்ணாச்சியே நம்பலன்னா நான் எப்படித் தம்பி நம்ப?”

குடையை எடுத்துக்கொண்டு திரும்பினார். அருள் ஷீட்டைக் கையில் பிடித்தபடி நின்றான்.

“கங்காணி, கொஞ்சம் நில்லும்!”

அண்ணாச்சி வாசலில் நின்றார். “அது பிரிண்டுதான். நான்தான் கொடுத்தேன். ஒரு மழைக்கு மேல நிக்காத தாளு அது. அது இன்னும் நிக்குதுன்னா பசையாலயா நிக்குது?”

கங்காணி குடையை ஊன்றி நின்றார்.

அண்ணாச்சி உள்ளே போய், அலமாரி மேலிருந்து ஒரு சுருளை எடுத்து வந்தார். பிரித்தார். சிவப்பு வினைலில் வெட்டி, ஒட்டுவதற்குத் தயாராக டேப் போட்டு வைத்த ‘ஸ்டெல்லா’. அன்றைக்கு வெட்டியதல்ல, மேலே மழைக்காலத்துத் தூசி முழுவதும் படிந்து கிடந்தது. ஊரே கல்நெஞ்சன் என்று திட்டிய மனிதர் அதை வாயால் ஊதினார், கைலி நுனியால் ஒரு குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தார். பிறகு ஜீப்பின் முன்னால் முழங்கால் போட்டு, பழைய டேப்பை ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க ஆரம்பித்தார்.