கேட்டேன், சம்மதம்

காது கேளாதோர் மீது எங்கள் செவித்திறன் வாரியத்துக்கு இருந்த அக்கறையை யாரும் குறை சொல்ல முடியாது. சொன்னாலும் எங்கள் காதில் விழாது. அங்கே நான் தட்டச்சர்.

வாரியத்தின் பின்கட்டு ஆய்வுக்கூடத்தில் ஒரு பொறியாளர் அம்மா ஒன்பது வருஷமாக ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை. அதைக் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதிப்பார்கள். அதிலிருந்து முடி போன்ற கம்பி ஒன்று உள்காதுக்குள் போகும். சோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டன. ஒரு மனிதக் காதுதான் பாக்கி.

அந்தக் காது ஒரு பஸ் மெக்கானிக்கினுடையது. என்ஜின் சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவார். மூளைக்காய்ச்சலில் உயிர் தப்பியது, காது இரண்டும் போய்விட்டன. உள்காது எலும்பாக இறுகத் தொடங்கியிருக்கிறது, ஒரு மாதத்துக்குள் கம்பியைச் செலுத்தாவிட்டால் பிறகு வழியில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

கோப்பு செயலரிடம் போனது. அவரை நாங்கள் 'காற்புள்ளி' என்போம். எந்தக் கோப்பும் ஒரு காற்புள்ளியாவது சேராமல் அவர் மேசையைத் தாண்டியதில்லை. பதினான்காம் விதிப்படி நிபந்தனைகளைப் பயனாளிக்கு உரக்க வாசிக்க வேண்டும், பயனாளி "கேட்டேன், சம்மதம்" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும் என்றார்.

மெக்கானிக் மனைவியோடு வந்தார். செயலர் பதினோரு பக்கங்களையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். மனைவி அவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார். மெக்கானிக் படித்துவிட்டு, "கேட்டேன், சம்மதம்" என்றார்.

செயலர் பேனாவை மூடினார். "நீங்க கேக்கல. படிச்சீங்க."

மனைவி அதையும் எழுதிக் காட்டினார்.

"சரி சார், கேட்டேன்னே வெச்சுக்குங்க."

"அப்ப உங்களுக்குக் காது கேக்குதுன்னு ஆகுது. கேக்குறவங்களுக்கு இந்தக் கருவி கிடையாதே."

அப்படியானால் இந்த விதிக்குப் பொருந்துகிறவர் யார் என்று பொறியாளர் கேட்டார். மிக நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு, செயலர் ஒரு குழு அமைத்தார். குழு நான்கு முறை கூடியது. முதல் மூன்று முறை தலைவர் யார் என்பதிலேயே போயிற்று. நான்காவது முறை தீர்ப்பு வந்தது: நிபந்தனைகளைக் காதால் கேட்டுச் சம்மதிப்பவர் எவரோ, அவரே பயனாளி.

அன்று அந்த அறையில் அதிகாரிகள் நீங்கலாகக் காதால் கேட்டவர் மெக்கானிக்கின் மனைவி ஒருவர்தான். அவருக்குக் கருவி பொருத்தும்படி ஆணை பிறந்தது. தட்டச்சு செய்தது நான்தான். ஒரு பிழைகூட இல்லை.

அந்தம்மா பொறியாளரிடம் ஓடிவந்தார். "எனக்கு நல்லாத்தானே கேக்குது மேடம்?"

"தெரியும்மா. சம்மதம்னு மட்டும் சொல்லிடுங்க. மத்ததை டாக்டர் பாத்துப்பார்."

கெடு முடிய மூன்று நாள் இருந்தது. டாக்டர் ஆணையைப் படித்தார், இருவரையும் பார்த்தார், மனைவியின் பெயரில் கணவரைப் படுக்கவைத்துக் காரியத்தை முடித்தார்.

காயம் ஆறியதும் கருவியை இயக்கினார்கள். மனைவி பக்கத்தில் குனிந்து, "ஏங்க, கேக்குதா?" என்றார்.

மெக்கானிக் தலையைச் சாய்த்துக் கவனித்தார். "கேக்குது. சைலன்சர் உடைஞ்ச வண்டி மாதிரி பேசுற."

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அதுவும் அவருக்குக் கேட்டது.

பிறகு வாரியம் பயனாளியைச் சோதித்தது. அதாவது, மனைவியை. குண்டூசி விழுந்த சத்தம்கூட அவருக்குக் கேட்டது. முழுமையான செவித்திறன், அறுவைச் சிகிச்சை செய்த தழும்புகூட இல்லை என்று அறிக்கை தயாரானது. பூரித்துப்போன செயலர், இனி நன்றாகக் காது கேட்பவர்களுக்கே முன்னுரிமை என்று சுற்றறிக்கை விட்டார்.

பொறியாளர் என் மேசைக்கு வந்து அதில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார். அடுத்து வருபவரைக் காது கேட்கும் உறவினர் ஒருவரோடு வரச்சொன்னார். தங்கை, மருமகன், எதிர்வீட்டுக்காரர் என்று யார் யாரோ வந்து சம்மதித்தார்கள். இரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு பேருக்குக் காது திரும்பியது. நாற்பத்தொரு பொய்யையும் நான்தான் தட்டச்சு செய்தேன். நல்ல காரியம்தானே என்று நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் வருஷம் மேலிடத்திலிருந்து கேட்டார்கள்: இதுவரை காது கேளாதவர் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? பதிவேட்டைப் புரட்டினோம். ஒருவர்கூட இல்லை. ஆகவே நாட்டில் காது கேளாமை அடியோடு ஒழிந்தது என்றும், ஆய்வுக்கூடம் இனித் தேவையில்லை என்றும் முடிவானது.

மறுப்பு இருந்தால் தெரிவிக்கலாம் என்றார்கள். தெரிவித்தால் டாக்டரின் வேலை போகும், பொறியாளர் உள்ளே போவார், நாற்பத்தொரு பேரின் கருவிக்கும் பழுது பார்க்க ஆளிருக்காது. மூடுவிழாவுக்கு எல்லாரும் வந்தோம். செயலர் பேசி முடித்ததும் எல்லாரும் கைதட்டினோம். மெக்கானிக்தான் கடைசிவரை தட்டினார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது.

மறுவாரம் ஒரு தபால்காரர் ஜன்னலண்டை வந்து நின்றார். காது போய் இருபது நாளாம், அதே காய்ச்சலாம். காது கேளாதோர் யாரும் இல்லாததால் திட்டம் நிறுத்தப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"அப்ப நான்?" என்றார்.

அதற்குப் பதில் எழுதிக்கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. வாயால் சொன்னேன்.