பக்கத்து ஊர்ல வந்துடுச்சுங்க

அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்துச் சல்லடை போட்டுச் சலித்தாலும், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு முழு ஊருக்கும் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிடக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான் தேறுவார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் எங்கள் ஆபீஸ் வாட்ச்மேனிலிருந்து ஜெயங்கொண்டம் பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் அவர் பக்கத்தூர்க்காரர்தான். எங்கே போய் நின்றாலும், "நமக்கு எந்த ஊருங்க?" என்று யாராவது கேட்பார்கள். "பக்கத்தூருதாங்க" என்பார். ஆண்டிமடத்தில் கேட்டாலும் பக்கத்தூர், திருமழபாடியில் கேட்டாலும் பக்கத்தூர். ஒரே ஆளுக்கு இத்தனை ஊர் எப்படிப் பக்கத்தில் இருக்கும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

நான் கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவர் மேல் பொறாமை, அதனால் கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதில் பாதியை அந்தப் பொறாமைதான் சொல்லப்போகிறது.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு மையம். டீசல், பெட்ரோல், நிலக்கரி எல்லாம் தீர்ந்துபோனாலும், புயலடித்துப் பத்து நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தாலும், ஒரு ஊர் தன் காலில் எப்படி நிற்கும் என்று யோசிப்பது எங்கள் வேலை. அரியலூரில் ஒரு உரக்கடை மாடியில் உட்கார்ந்து யோசித்தோம். கீழே ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் விடிந்ததிலிருந்து வரிசை கட்டிப் போகும். மொட்டை மாடியில் இருந்த எங்கள் சோலார் பலகை மேல் ஒரு விரற்கடை புழுதி படிந்துவிடும். காலையில் துடைத்தால் மத்தியானம் வரை ஃபேன் ஓடும். அதற்கு மேல் யோசனை ஓடாது, வேர்க்கும்.

எனக்கு அங்கே அறிக்கை எழுதும் வேலை. பட்டமேற்படிப்பு, மூக்குக்கண்ணாடி, லேப்டாப் எல்லாம் உண்டு. என் முதல் அறிக்கை அறுபத்திரண்டு பக்கம். எங்கள் டைரக்டர் மேடம் அதை வாங்கிக் கையில் எடை பார்த்துவிட்டு, "ரொம்ப விரிவா இருக்கு" என்றார். விரிவாக இருக்கிறது என்றால் படிக்கவில்லை என்று அர்த்தம். சரி, மக்களுக்காக எழுதியது மக்களிடமே போகட்டும் என்று ஒரு கிராமத்துக் கூட்டத்தில் நானே வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் பாதிக் கூட்டம் எழுந்து போயிற்று. ஐந்தாம் பக்கத்தில் மைக்செட்காரர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். அன்றைக்கு எனக்குள் ஓர் ஆசை விழுந்தது. நான் எழுதியதைக் கேட்டு ஒரே ஒரு ஊராவது மாற வேண்டும். ஒன்றே ஒன்று போதும். அதற்குமேல் நான் அந்த வேலையில் எதையும் ஆசைப்பட்டதில்லை.

பக்கத்தூர்க்காரர் பத்தாவது வரை படித்தவர். பதவி, களப்பணியாளர். கையில் ஒரு மஞ்சப்பை. கூட்டம் போடமாட்டார், மைக் பிடிக்கமாட்டார், பூமி சூடாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஊருக்குள் போய் டீக்கடை பெஞ்சில் உட்காருவார். அவ்வளவுதான். ஒருநாள் கூடவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"என்னங்க, மாவரைக்க ஆண்டிமடமா போறீங்க?"

"ஆமாங்க. போனாலும் கரண்ட் இருந்தாத்தான்" என்றார் தூக்குவாளியோடு நின்ற ஒருவர்.

"அடப்பாவமே." டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "பக்கத்து ஊர்ல சோலார் மில்லு வந்துடுச்சுங்க. வெயில்லயே ஓடுது. சரி, அதெல்லாம் நமக்கு எதுக்கு."

"எந்த ஊர்லங்க?"

"வுடுங்க. அவங்க வெவரமானவங்க. நமக்கு ஒத்து வராது."

அந்தக் கடைசி மூன்று வார்த்தைதான் அவருடைய மொத்த மூலதனம். சொல்லிவிட்டு எழுந்து பஸ் ஏறிவிடுவார். அடுத்த வாரம் அந்த ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து, "எங்களுக்கு ஏன் ஒத்து வராது? யாரு சொன்னது?" என்று டைரக்டர் மேடத்திடம் சண்டை பிடிப்பார்கள். மேடம் கண் கலங்கிவிடுவார். மக்கள் தாங்களாகவே கேட்டு வருகிறார்களாம். இப்படியே டீசல் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்த கொல்லைகளில் சோலார் மோட்டார் வந்தது, பள்ளிக்கூடத்துக்கு விளக்கு வந்தது, முந்திரிக்கொட்டை காயவைக்கக் கண்ணாடிக் கொட்டகை வந்தது. டீசல் இல்லாமல் ஒரு ஊரை எது ஓட்டும் என்று நாங்கள் மாடியில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். பொறாமையே ஓட்டும் என்று அவர் டீக்கடையில் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அவர் பஸ்ஸில்தான் போவார். கொள்கையெல்லாம் இல்லை, பஸ்ஸில்தான் ஊர்க்கதை கிடைக்கும். எனக்கு ஆபீஸில் பேட்டரி ஸ்கூட்டர் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் உச்சி வெயிலில் உடையார்பாளையம் தாண்டியதும் சார்ஜ் தீர்ந்து, அதைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு டவுன் பஸ் என்னைக் கடந்தது. ஜன்னல் சீட்டில் அவர். கையை ஆட்டிவிட்டுப் போயிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, இறங்கி வந்து, பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்துவிட்டார். இப்படிப்பட்ட ஆளை எப்படித்தான் வெறுப்பது? ரொம்பச் சிரமப்பட்டுத்தான் வெறுக்க வேண்டியிருந்தது.

தள்ளிக்கொண்டே வரும்போது ஒன்று சொன்னார்.

"பெரம்பலூர் ஆபீஸ்ல ஒருத்தரு அறிக்கை எழுதுறாரு சார். பத்தே பக்கம். முந்திரி ஒடைக்கிற பொம்பளைங்ககூட படிக்கிறாங்க."

"பத்துப் பக்கத்துல என்னங்க எழுத முடியும்?"

"அதாங்க. அதெல்லாம் நமக்கு ஒத்து வராது."

எங்கள் மையத்துக்குப் பெரம்பலூரில் ஒரு கிளை உண்டு. நான் போனதில்லை. அன்றிலிருந்து அந்த முகம் தெரியாத பெரம்பலூர் மனிதன் என் மண்டைக்குள் குடி வந்துவிட்டான். சோறு இறங்கவில்லை. அறுபத்திரண்டு பக்கத்தையும் பிரித்துப் போட்டு வெட்டினேன். மேற்கோள் போயிற்று, வரைபடம் போயிற்று, எனக்கே புரியாத இரண்டு அத்தியாயங்கள் போயின. ஒரு மாதத்தில் பத்துப் பக்கமாக்கி நீட்டினேன். பக்கத்தூர்க்காரர் நின்றுகொண்டே படித்தார்.

"தேவலாங்க. ஆனா பெரம்பலூர்க்காரரு எழுதுனா நம்ம ஊர்ச் சனம் பேசுற மாதிரியே இருக்கும்."

மறுபடி உட்கார்ந்து, பேசுகிற மாதிரியே எழுதினேன். இந்தத் தடவை குறை சொல்லாமல் இருபது பிரதி கேட்டார். எதற்கு என்றேன். "பஸ்ஸுல புழுக்கமா இருக்கு சார், விசிறிக்கலாம்" என்று மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்த நிச்சயதார்த்தம் வந்தது. ஆண்டிமடம் பக்கத்தில் இரண்டு ஊர்கள், நடுவில் ஒரு ஏரி. உண்மைப் பெயரைச் சொன்னால் இரண்டு ஊரும் சண்டைக்கு வரும், அதனால் மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்வோம். மேலூர்ப் பெண்ணுக்கும் கீழூர்ப் பையனுக்கும் நிச்சயம். மேலூரில் தட்டு மாற்றி, இலை போட்டுச் சாப்பிட்டு, வெற்றிலை மென்றுகொண்டே பையனின் அத்தை கேட்டிருக்கிறார்.

"வந்தது வந்துட்டோம். உங்க ஊரு சோலார் மில்லையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுறோமே."

பெண்ணின் அப்பா விழித்தார். "எங்க ஊர்ல ஏதுங்க? அது உங்க ஊர்லல்ல இருக்கு. பொண்ணு மாவரைக்க அலைய வேணாமேன்னுதான் நாங்க சரின்னோம்."

"அப்ப எம் புள்ளையப் பாத்துப் பொண்ணு குடுக்கல, மில்லப் பாத்துக் குடுத்திருக்கீங்க" என்று பையனின் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நடந்தது இதுதான். பக்கத்தூர்க்காரர் மேலூரில் கீழூரைப் புகழ்ந்திருக்கிறார், கீழூரில் மேலூரைப் புகழ்ந்திருக்கிறார். இரண்டு ஊரும் மில் கேட்டு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தன. பக்கத்து ஊர்க்காரன் மில்லைப் போய் வேடிக்கை பார்ப்பதா என்ற கௌரவத்தில் ஒருத்தரும் ஏரியைச் சுற்றிப் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு ஊரிலும் மில்லே கிடையாது என்பது தட்டு மாற்றிய பிறகுதான் தெரிந்தது. கல்யாணம் நின்றுபோகும் நிலைமை. "யாருய்யா சொன்னது உங்களுக்கு?" என்று கத்தியதில், இரண்டு பக்கமும் ஒரே ஆளைச் சொல்லியிருக்கிறார்கள். பட்டுப்புடவை, சந்தனம், தாம்பூலத்தட்டு சகிதமாக இரண்டு குடும்பமும் ஒரே வேனில் ஏறி நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்து இறங்கிவிட்டது.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. டைரக்டர் மேடம் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்து, "நீங்க ஒரு விசாரணை அறிக்கை எழுதிடுங்க" என்றார். மனசுக்குள் முதல் பக்கத்தை அப்போதே எழுதிவிட்டேன். பத்தே பக்கத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பக்கத்தூர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "தப்புத்தாங்க. என்னால பொண்ணு புள்ள வாழ்க்க கெடக்கூடாது" என்றார். "இப்போதைக்கு ஒரு மில்லுக்குத்தான் எங்ககிட்ட வழி இருக்கு. எந்த ஊருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அவ்வளவுதான், சண்டை திசை மாறிவிட்டது. பொய் சொன்னவரை மறந்துவிட்டு எங்கள் ஊருக்கா உங்கள் ஊருக்கா என்று இரண்டு சம்பந்தியும் மேஜையைத் தட்டினார்கள். ஃபேன் நின்றுபோயிருந்தது. சந்தனம் எல்லோர் நெற்றியிலும் வழிந்தது.

அப்போது கல்யாணப் பெண் பேசினாள். அதுவரை சுவரோரம் பூ வாடப் பொறுமையாக நின்றுகொண்டிருந்த பெண். "ஏரிக்கரையில போட்டா என்னங்க? அந்தத் தாள்ல அப்படித்தானே போட்டிருக்கு."

"எந்தத் தாள்ல?" என்றார் மேடம்.

பக்கத்தூர்க்காரரைக் கைகாட்டினாள். "முந்திரி ஒடைக்கிற எடத்துல இவரு குடுத்தாருங்க. நாங்க எல்லாரும் படிச்சோம். ஏழாம் பக்கத்துல இருக்கு. ஒரு ஊரு மில்லுன்னா பாதி நாளு சும்மா கெடக்குமாம். ரெண்டு ஊருக்கும் நடுவால போட்டாத்தான் நின்னு ஓடுமாம். நானே ஓட்டுறேங்க, எங்க ரெண்டு வூட்டுக்கும் பொதுவா."

ஏழாம் பக்கம் என்னுடையது. ஒரு எழுத்து மாறாமல் என்னுடையது. மேடம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பெண்ணின் அப்பா, "இந்த சார் எழுதுனதா?" என்று கேட்டார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினேன். பக்கத்தூர்க்காரர் ஓடாத ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரிக்கரையில் மில் வந்தது. கொட்டகைக்கு ஒரு ஊர் மரம் கொடுத்தது, இன்னொரு ஊர் ஓடு கொடுத்தது. கல்யாணமும் நடந்தது. மில் தொடங்கிய அன்று ஊர்ப் பெரியவர்கள் துண்டு போர்த்த வந்தபோது, பக்கத்தூர்க்காரர் அதை வாங்கி என் தோளில் போட்டுவிட்டு, கூட்டத்துக்குள் போய்விட்டார். நான் ஒரே ஒரு ஊருக்குத்தான் ஆசைப்பட்டேன், இரண்டாகக் கிடைத்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடமாட்டேன் என்கிறாரே என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்தத் துண்டையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு மறுவாரமே பெரம்பலூர் போனேன். அந்தப் பத்துப் பக்க மனிதனிடம் காட்ட வேண்டாமா? பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்ன அறை, ஒரு பீரோ, ஒரு அம்மா.

"இங்க அறிக்கை எழுதுறவரு இல்லீங்களா?"

"இங்க எழுதுறவங்க யாரும் கெடையாதுங்க. என்னிக்கும் கெடையாது. அரியலூர்லேருந்து வர்றதத்தான் ஜெராக்ஸ் போடுறோம்" என்றார் அந்த அம்மா. "பக்கத்தூர்க்காரரு வந்தா சொல்லிக்காட்டுவாரு. அரியலூர் ஆபீஸ்ல ஒரு சார் இருக்காரு, அவரு மாதிரி எழுதுற ஆளு உங்களுக்குக் கெடைக்கமாட்டாருன்னு. எங்களுக்கு வயித்தெரிச்சலா இருக்கும்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு ஊரை ஏமாற்றிய அதே வித்தை. பக்கத்திலேயே உட்கார்ந்து டீக்கடையில் பார்த்தவன் நான். என்னிடம் அதைச் செய்தபோது தெரியவில்லை. பழி வாங்கியே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சென்ற வருடம் அவருக்குப் பணிக்காலம் முடிந்து அனுப்பிவைத்தோம். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு அப்போதும் பக்கத்தூர் என்றுதான் சொன்னார். அவர் இடத்துக்கு ஒரு இளைஞர் வந்தார். நல்ல பையன், கூட்டம் போடுகிறார், மைக் பிடிக்கிறார். பக்கத்தூர்க்காரர் என்றாவது போன் செய்வார், புது ஆளைப் பற்றிக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதற்காக ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். உங்களைவிடப் பிரமாதமான ஆளுங்க, நீங்க வுடுங்க, அதெல்லாம் உங்களுக்கு ஒத்து வராது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கூட வைத்திருந்தேன்.

போன வாரம் போன் வந்தது. பின்னால் பஸ் ஹாரன் சத்தம். சாப்பிட்டீங்களா, மில்லு ஓடுதா, அந்தப் பொண்ணு நல்லா இருக்கா என்று எல்லாம் விசாரித்துவிட்டு, போகிற போக்கில் கேட்பது போல, "எனக்குப் பதிலா வந்திருக்கவரு எப்படிங்க சார்?" என்றார்.

"உங்கள வுட..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க சார்." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உங்கள வுட நல்ல ஆளு எந்த ஊர்லயும் இல்லீங்க."

"பெரம்பலூர்லகூடவா சார்?" என்றார்.

"பெரம்பலூர்லயும் இல்லீங்க" என்றேன். "நான் நேர்லயே போய்ப் பாத்துட்டேன்."